காலுள்ள புள்ளி

குருசுக்குப்பத்தில் இரண்டே அறை அலுவலகம்.
ஒன்றில் நாங்கள், இன்னொன்றில் அச்சுப்பொறி.
அது ஓடத் தொடங்கினால்
ஜன்னலடியில் தூங்கும் நாய்
எழுந்து இடம் மாறிப் படுக்கும்.

பிரான்சிலிருந்து ஓய்வூதியம் வாங்கும்
நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு
மாதக் கணக்குத் தாள் அடிக்கும் நிரல் என்னுடையது.
இடப்பக்கம் யூரோ, வலப்பக்கம் ரூபாய்,
நடுவில் அன்றைய மாற்று விகிதம், நான்கு தசமம்.
எளிய வேலை என்றுதான் ஒப்புக்கொண்டேன்.
கூட்டுவது கணினி, பெருக்குவது கணினி,
வந்த எண்ணை எழுதிக் காட்டுவது மட்டும்தான் என் பாடு.

அதற்கே மூன்று மாதம் போயிற்று.

முதல் மாதம் மதாம் செலின் தனராசு வந்தார்,
வைசியாள் வீதியிலிருந்து ஸ்கூட்டியில்,
தலைக்கவசத்தைக் கழற்றாமலே
தாளை மேசைமேல் விரித்தார்.
ஒரு லட்சத்து நாற்பத்து மூவாயிரத்து இருநூற்றைம்பது யூரோ.
"என் வீட்டுக்காரர் ஜிபூத்தியில சிப்பாய்தாம்மா,
தளபதி இல்ல.
இது நெசம்னா சொல்லு, உனக்குப் பாதி."

அங்கிருந்து வந்தது 1432,50.
அந்த ஊரில் காற்புள்ளிதான் காசைப் பிரிக்கும்.
இந்த ஊரில் அது ஆயிரத்தை, லட்சத்தைப் பிரிக்கும்.
என் நிரல் அதை உள்ளூர்ப் பிள்ளை என்று நினைத்து
எடுத்து ஓரமாய் வைத்துவிட்டு
மறுபடி கடைசியிலிருந்து எண்ணி,
நம் வழக்கப்படி இரண்டு இடத்தில் நட்டுவிட்டது.
1,43,250.

காற்புள்ளி என்றால் கால்வாசிப் புள்ளி,
அப்படித்தான் நினைத்திருந்தேன்.
அன்று மாலை கடற்கரைப் பாறையில் உட்கார்ந்து
சுண்டல் தீரும்வரை யோசித்ததில்
அது கால் முளைத்த புள்ளி.
வெறும் புள்ளி வைத்த இடத்தில் இருக்கும்.
இது நடக்கும்,
கப்பல் ஏறும்,
இறங்கிய துறையில் என்ன வேலை கொடுக்கிறார்களோ
அதைச் செய்யும்.

இரண்டாம் மாதம்
முதலாளி ழான் பால் ஆரோக்கியம் சொன்னார்,
"பேசாம எல்லாத்தையும் பிரெஞ்சு வழக்கத்துக்கு மாத்திடு."
மாற்றினேன். அவர்கள் ஆயிரத்துக்குப் பின்
மெல்லிய இடைவெளி ஒன்று விடுவார்கள்,
நம் அச்சுப்பொறி அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை.
1?432,50.
ஆயிரத்தைத் தாண்டிய தாள் எல்லாவற்றிலும் கேள்விக்குறி.
மதாம் செலின் போனிலேயே முடித்துக்கொண்டார்,
"இந்த மாசம் அவங்களுக்கே சந்தேகமாம்மா?"

ரூபாய்ப் பத்தியும் பிரெஞ்சு பேசியது,
லட்சமே இல்லாத லட்சம்.
அதை நம் வழிக்குத் திருப்பினால்
கடைசிப் பூச்சியத்தை விழுங்கி 128409.3 என்றது.
முப்பது பைசாவா, மூன்று பைசாவா?
கேட்டால் இரண்டும் ஒன்றல்ல என்பதுகூடத் தெரியாது அதற்கு,
அதன் வயிற்றில் இருப்பது புள்ளியும் இல்லாத, காலும் இல்லாத
வெறும் அளவு.

அங்கேதான் பிடி கிடைத்தது.
உள்ளே இருக்கும்வரை எண்ணைத் தொடாதே.
வாசல்படியில் மட்டும் சட்டை மாட்டு.
இந்தப் பத்திக்கு இது, அந்தப் பத்திக்கு அது,
பத்தி அகலம் பன்னிரண்டு எழுத்து, வலமாக ஒட்டி, தசமம் இரண்டு,
முன்னால் மிஞ்சுவது வெற்றிடம்.
1432,50 என்று ஒரு பக்கம்,
1,28,409.30 என்று மறுபக்கம்,
ஒரே வரியில், சண்டையில்லாமல்.

நேற்று சோதனை ஓட்டம்.
முந்நூற்றேழாவது தாள், மிஷேல் வேதமாணிக்கம்.
மார்ச்சில் இறந்தார்.
பிடித்தம், திருப்பம் எல்லாம் கழித்துக் கணக்கை மூடியாயிற்று.
நிகர இருப்பு: -0,00

பூச்சியம்தான், முன்னால் ஒரு கோடு.
உள்ளே போய்ப் பார்த்தேன்.
ஒரு சென்ட்டில் பாதிகூட இல்லாத ஏதோ ஒன்று
அவர் பெயரில் பாக்கி.
சுருக்கும்போது காசு கரைந்துவிட்டது,
கடன் கரையவில்லை.

"சிரிப்பாங்க, எடுத்துடு" என்றார் ஆரோக்கியம்.
ஒரு வரிதான்.
சுருக்கிய பின் பூச்சியம் என்றால் குறியை விடு.
எழுதினேன். அச்சுப்பொறி ஓடியது. நாய் எழுந்தது.
0,00

பத்தி அகலம் பன்னிரண்டு, அது மாறாது.
முன்பு ஏழு வெற்றிடம்,
இப்போது எட்டு.